குடைக் கள்ளன்

சிங்களச் சிறுவர் எழுத்தாளர் சிபில் வெத்தசிங்க அம்மா, இலங்கையின்ர தெற்கில காலி நகருக்குப் பக்கத்துக் கிந்தோட்டையில பிறந்தவா. 2020இல காலமாகும்வரை பிள்ளையளுக்காகவே எழுதினா, கீறினா. கதையும் படமும் ஒரே கையால வந்ததுதான் அவவின்ர பலம்.

அவவின்ர குடைக் கதையை எங்கட கிளிநொச்சிப் பிள்ளையளுக்கு வாசிச்சுக் காட்டினன். குடையே காணாத ஊர். அந்த ஊர் மாமா ஒருத்தர் வாங்கிவாற ஒவ்வொரு குடையும் களவுபோகுது. கடைசியா, குடைக்குள்ள கடதாசித் துண்டுகளைப் போட்டு, அது சிந்தின வழியே போனால், காட்டு மரத்தில எல்லாக் குடையும் தொங்குது! கள்ளனுக்கெண்டு ஒண்டை விட்டிட்டு வாறார் மாமா. கள்ளன் குரங்கெண்டதும் ஒரு சின்னவள் எழும்பி, “எங்கட வீட்டு ஓடு கழட்டினதும் இவர்தான் ரீச்சர்” எண்டாள்.

எங்கட குளக்கட்டும் பாலைப்பழமும் மயிலும் இப்பிடிப் படப் புத்தகமா வரவேணும். கீறக்கூடிய தம்பி தங்கச்சியள், உள்பெட்டிக்கு வாங்கோ.