சசூன் டாக்கில் சூரை அளந்த காலைகள்

மும்பைக்கு வேலைக்கு வந்த புதிதில், வாரம் இரண்டு நாள் சசூன் டாக்கில் சூரை (டூனா) மீன் அளப்பது என் பொறுப்பு. 1875-ல் திறந்த பழைய துறைமுகம் அது. ஏலம் விறுவிறுவென்று நடக்கும். கூடை கைமாறுவதற்குள் அளந்துவிட வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வாலின் கவை, அதாவது வால் இரண்டாகப் பிரியும் இடம் வரை அளப்போம். வால் நுனி கூடையில் இடிபட்டு முறிந்திருக்கும், கவை அப்படியே இருக்கும்.

ஏலத்தில் எல்லாச் சூரைக்கும் ஒரே பெயர், 'குப்பா'. நானும் முதல் இரண்டு மாதம் ஒரு முழத்துக்குக் குறைந்த மீன் எல்லாவற்றையும் சாதாரணச் சூரை என்றே எழுதிக்கொண்டிருந்தேன். தாராவியிலிருந்து சரக்கெடுக்க வரும் தூத்துக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர்தான் கண்டுபிடித்தார்.

"தம்பி, இது எலிச்சூரைல்லா? இத ஏன் அதோட சேத்து எழுதுறீய?"

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சூரைக்கு முதுகின் இரண்டு துடுப்புகளும் கிட்டத்தட்ட ஒட்டி நிற்கும். பக்கத் துடுப்புக்குக் கீழே மை தொட்டு வைத்ததுபோல் சில கரும்புள்ளிகள். எலிச்சூரைக்கு இரண்டு துடுப்புக்கும் நடுவில் நல்ல இடைவெளி, புள்ளி கிடையாது. படித்ததுதான். அவசரத்தில் பார்க்கவில்லை. அக்கா துடுப்பை எல்லாம் பார்ப்பதில்லை. அறுத்தால் ரத்தச்சதை அதிகம், சீக்கிரம் கெடும், அதனால் விலை வேறு. அவருக்கு அது போதும்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நீளங்களை மாதவாரியாக வரைபடத்தில் அடுக்கி, ஒரே வயது மீன்கூட்டம் எப்படி வலப்பக்கம், அதாவது பெரிய நீளத்தை நோக்கி நகர்கிறது என்று பார்த்துத்தான் வளர்ச்சியைக் கணிக்கிறோம். பெரிய மீன்கள் எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்பதிலிருந்து இறப்பு விகிதம். சூரை ஏறக்குறைய 40 செ.மீ. வளர்ந்த பிறகுதான் முட்டையிடும். எலிச்சூரை அதைவிடச் சிறியதிலேயே முதிர்ந்துவிடும். முதிர்ந்த எலிச்சூரையைச் சூரைக் கணக்கில் போட்டால், குஞ்சுச் சூரையை வாரி அள்ளுவதுபோல் தாள் காட்டும். மேலதிகாரியிடம் சொல்லி இரண்டு மாதத் தாள்களையும் செல்லாது என்று அடித்துவிட்டோம். திருத்தவும் வழியில்லை, அந்த மீனெல்லாம் எப்போதோ குழம்பாகிவிட்டது.

இந்த மீன்மேல் எனக்கு ஒரு பாசம் வந்தது அதற்கப்புறம்தான். காற்றுப்பை இல்லாத உடம்பு. நின்றால் அமிழும், செவுளுக்குத் தண்ணீரும் போகாது. அதனால் பிறந்ததிலிருந்து நீந்திக்கொண்டே இருக்கிறது. செவுள்வலையில் மாட்டி நகர முடியாமல் போனால் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். சுற்றியுள்ள தண்ணீரைவிட உடம்பு சூடு வேறு. ஐஸ் தாமதமானால் சதையில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போல உடம்பைப் படுத்தும் பொருள் கூடும், வேகவைத்தாலும் போகாது. அக்கா சொன்ன 'சீக்கிரம் கெடும்' இதுதான்.

வலையும் ஏமாற்றும். வலையின் கண் (துளை) என்ன அளவோ, அதற்கேற்ற பருமன் மீனைத்தான் பிடிக்கும். சிறியது நுழைந்து போய்விடும், பெரியது தலையே நுழையாமல் திரும்பும். ஒரே நீளமாக வருகிறதே என்று கடலிலும் அப்படியே இருப்பதாக நினைக்கக் கூடாது. அதனால் படகை நடத்தும் ஒவ்வொரு தாண்டேலிடமும் வலைக்கண் அளவைக் கேட்டு எழுத ஆரம்பித்தேன். ஜூன், ஜூலை தடைக்காலத்தில் தாள் காலியாகவே கிடக்கும்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 2005 முதல் சில ஆண்டுகள் இந்தியப் பெருங்கடலில் மஞ்சள் துடுப்புச் சூரை போன்ற பெரிய இனங்களுக்குக் குறி கட்டிக் கடலில் விட்டு ஆராய்ந்தார்கள். நம் கரையோர மக்கள் தினம் சாப்பிடும் சின்னச் சூரைகளுக்கு அப்படி நடக்கவில்லை. இவற்றின் நிலையைப் பெரும்பாலும் எவ்வளவு பிடிபட்டது என்ற கணக்கை மட்டும் வைத்தே கணிக்கிறார்கள். அந்தக் கணக்கிலேயே இரண்டு இனம் கலந்திருந்தால் என்ன மிஞ்சும்?

போன நவம்பரில் அக்கா ஒரு மீனைத் தனியே எடுத்து வைத்திருந்தார். "இது வேற மாதிரி இருக்கு, பாருங்க." எலிச்சூரை போலத்தான் தெரிந்தது. ஆனால் முதுகோரச் செதில் பட்டை இரண்டாம் துடுப்புக்குக் கீழேயும் அகலமாகவே போயிருந்தது. எலிச்சூரையிலேயே இன்னொரு இனம். அதற்கென்று புதிதாக ஒரு தாள் எடுத்து, நீளத்தை எழுதினேன்.