பீரோவுக்குத் திரும்பிய வீட்டுப் பத்திரம்

போன வருடம் இந்நேரம் கேட்டிருந்தால், வேலையை விட்டுவிட்டு பைலட் பயிற்சிக்குப் போகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். வயது 25, சென்னையில் ஐடி வேலை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்தவள் என்பதால் படிப்புத் தகுதி பற்றிக் கவலையில்லை. மற்றதெல்லாம் பணம்தான் என்று நினைத்தேன்.

நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், எந்தப் பைலட் பயிற்சிப் பள்ளிக்கும் முன்பணம் கட்டாமல் முதலில் மருத்துவப் பரிசோதனைக்குப் போனதுதான். தொடக்கம் கிளாஸ் 2 என்ற ஆரம்பநிலை மருத்துவச் சான்றிதழ். விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் ரத்தம், ஈசிஜி, எக்ஸ்ரே, காது, கண் எல்லாம் பார்ப்பார்கள். எனக்கு மைனஸ் 1.5 கண்ணாடி, பயந்துகொண்டேதான் போனேன். கண்ணாடி போட்டால் முழுசாகத் தெரிகிறதே, தடையில்லை என்றார் மருத்துவர். அப்புறம் இஷிஹாரா சோதனை. வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் உள்ளே போன பையன் வெளியே வந்து படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தனக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும் என்பதே 19 வயது வரை அவனுக்குத் தெரியாதாம். ஏதோ ஒரு பள்ளியில் இரண்டு லட்சம் கட்டிவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறான். என்ன சொல்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

கிளாஸ் 1 பரிசோதனைக்குப் பெங்களூரில் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்துக்குப் போனேன். வேலை பார்க்கும் பைலட்டுக்கு வேண்டியது இந்தச் சான்றிதழ்தான். என் வயதுக்கு ஒரு வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். சம்பளமே உடம்பை நம்பித்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்து டிஜிசிஏ எழுத்துத் தேர்வுகள். கம்ப்யூட்டர் நம்பர் என்ற பதிவு எண்ணை வாங்கிக்கொண்டால், ஒரு மணி நேரம்கூடப் பறக்காமல் எழுதலாம். தேர்ச்சிக்கு 70 மதிப்பெண். சனி ஞாயிறு ஆன்லைன் வகுப்பில் படித்தேன். வானிலைப் பாடம் கதை படிப்பது மாதிரி போனது. ஐப்பசி மழையை வேடிக்கை பார்த்து வளர்ந்தவளுக்கு வடகிழக்குப் பருவமழையைப் பாடமாகப் படிப்பதில் ஒரு சந்தோஷம். நேவிகேஷனில் முதல் தடவை 64. இரண்டாவது தடவைதான் தேறினேன். ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் தேர்வு தனி.

இதற்குள் ஒரு பள்ளியின் ஆலோசகர் வாரம் இரண்டு முறை போன் செய்ய ஆரம்பித்திருந்தார். 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்ததைச் சொல்லி, "இத்தனைக்கும் பைலட் வேணும்ல மேடம்?" என்பார். சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் லீவு போட்டுக் கிளம்பினேன்.

பள்ளியின் கையேட்டில் பன்னிரண்டு விமானங்கள். நான் இருந்த ஐந்து மணி நேரத்தில் பறந்தவை மூன்று. செஸ்னா என்ற சிறிய பயிற்சி விமானங்கள் இரண்டு, இஞ்சின் மூடி கழற்றிய நிலையில் கொட்டகைக்குள் நின்றன. அலுவலகத்தில் சொன்னதைவிட, வெளியே டீக்கடையில் பேசிய மாணவர்கள் சொன்னதுதான் உபயோகமாக இருந்தது. வணிக பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு நம் கையில் இருக்க வேண்டும். ஒரு பையன் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. பறந்தது 85 மணி நேரம். மழை, மூடுபனி, ஸ்பேர் பார்ட்ஸ் வரவில்லை, இன்ஸ்ட்ரக்டர் வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று வரிசையாகச் சொன்னான். ஹாஸ்டல் வாடகை மட்டும் மாதம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது பள்ளி பார்க்கப் போனால், விமானம் எத்தனை என்று கேட்காதீர்கள். போன மாதம் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தார் என்று கேளுங்கள்.

உரிமம் வாங்குவதோடும் செலவு முடிவதில்லை. ஏ320 போன்ற விமானத்தை ஓட்ட டைப் ரேட்டிங், அதாவது அந்த வகை விமானத்துக்கென்றே ஒரு தகுதி, வேண்டும். அதற்குத் தனியாகப் பல லட்சம். என் கையில் இருந்தது 14 லட்சம். இன்னும் 50 லட்சம் வேண்டும்.

வங்கியில் அடமானம் கேட்டார்கள். எங்களிடம் இருப்பது திருச்சியில் அப்பா பெல்லில் வேலை பார்த்தபோது கட்டிய வீடு ஒன்றுதான். அம்மா எதுவும் சொல்லாமல் பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்து வைத்தாள். பெரியம்மாதான் "கல்யாணத்துக்கு வச்ச பணத்தையா பறக்க விடப் போறீங்க?" என்றாள். கணக்கு போட்டுப் பார்த்தேன். 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 69,000. படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை.

நான் கணக்கு போட்ட காகிதத்தை அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி எப்ப நின்னுச்சும்மா?"

"2012, அப்பா."

"ஜெட்டு?"

"2019 ஏப்ரல்." கோ ஃபர்ஸ்ட் நின்றது 2023 மே மாதம் என்று நானே சேர்த்துச் சொன்னேன். ஆலோசகர் பெருமையாகச் சொல்லும் அதே 2023.

"வேலை கிடைக்காதுன்னு நான் சொல்லல. கிடைக்கிறதுக்கு ரெண்டு வருஷம் ஆனா அதுவரைக்கும் யாரு கட்டுவா? அதை மட்டும் சொல்லு."

என்னிடம் பதில் இல்லை. பென்ஷன் இல்லாத மனிதர் அவர்.

இரண்டு வாரம் தூக்கமில்லாமல் யோசித்து, வீட்டை வைக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். பைலட் வேண்டாம் என்பதல்ல. 28 வயதுக்குள் கையில் 30 லட்சம் சேர்ந்து, மீதிக்கு வீடு இல்லாமல் வேறு வழி கிடைத்தால் போவேன். சேராவிட்டால் மாட்டேன். ஆலோசகரிடம் சொன்னபோது, "அப்போ சீட் இருக்காது மேடம்" என்றார். அதற்கப்புறமும் மூன்று தடவை போன் வந்தது.

அம்மா பத்திரத்தைத் திரும்பப் பீரோவில் வைத்துவிட்டாள். எழுத்துத் தேர்வுகளில் டெக்னிக்கல் ஜெனரல் இன்னும் பாக்கி. கிளாஸ் 1 புதுப்பிக்க மார்ச்சில் தேதி வாங்கியிருக்கிறேன்.