யார் என்று மட்டும்

காப்புத்தொகையைத் திரும்பப் பெற வந்த மாணவி என்னிடம் கேட்டது ஒரு பெயரை மட்டும்தான், நானும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது என்று சக நூலகர் இன்றும் வாதிடுகிறார். சொன்னது சரிதான் என்று அவரிடம் வாதாடும்போதெல்லாம் என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிடுகிறது.

பதின்பருவத்தினருக்கென ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தத் துப்பறியும் வரிசையின் ஐந்து பாகங்களும் குலசேகரத்துக்காரர் ஒருவர் எங்கள் கிளை நூலகத்துக்கு நன்கொடையாகத் தந்தவை. நான்கை அவள் வரிசை மாறாமல் படித்து முடித்திருந்தாள். இறுதிப் பாகம் வேறொருவரிடம் தவணை கடந்து கிடந்தது. மறுநாள் விடியுமுன் குழித்துறையில் பரசுராம் ரயில் ஏறி மங்களூருவுக்கு நர்சிங் படிக்கப் போகிறவளிடம், அடுத்த வாரம் வா என்று எப்படிச் சொல்வது?

"யாருண்ணு மட்டும் சொல்லித் தாங்க சார். இனி நான் எப்ப வாசிக்க?"

ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. துப்பறியும் கதையின் முடிவை அவர் மனத்தில் வைத்திருக்க மாட்டார்தான். ஆனாலும் கேட்பவருக்குத் தெரிந்ததைத் தருவதே என் வேலை என்று பழகிய நாக்கு, யோசிக்கும் முன் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டது.

ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் முதலெழுத்தோடு பேனாவை நிறுத்தினாள்.

"அப்ப மூணாவது புக்கில, அடக்கத்துக்கு வந்து அவரு அழுதது சும்மாவா சார்?"

"அதைப் பத்திக் கடைசிப் புக்கில ஒண்ணும் இல்ல மக்களே."

"செரி சார்" என்று கையெழுத்தை முடித்து, பணத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

ஐந்து பாகங்களையும் படித்தவன் நான். அந்த அழுகை என் நினைவிலேயே இருக்கவில்லை. பிறகு மூன்றாம் பாகத்தை எடுத்துப் பார்த்தேன். கல்லறைக்கு அருகில் வராமல், மதிலோரமாக நின்று அந்த மனிதர் அழுகிறார். ஏன் என்று ஆசிரியர் ஒரு சொல்கூட எழுதவில்லை. இறுதிப் பாகத்திலும் அதற்கு விளக்கம் இல்லை என்பது உண்மை. ஆனால் அதை முழுதாகப் படித்திருந்தால், அந்த மனிதரோடு அத்தனை பக்கங்கள் கூடவே நடந்த பிறகு, விளக்கம் தேவைப்படாமலே அவளுக்கு அது விளங்கியிருக்கக்கூடும் அல்லவா? 'ஒண்ணும் இல்ல' என்று நான் சொன்னது வரிகளைப் பற்றிய தகவல்தான், கதையைப் பற்றியது அன்று.

மறுபுறமும் ஒன்று உண்டு. பெயர் தெரிந்த அந்த நொடியிலேயே அவள் இரண்டு பாகங்களைப் பின்னோக்கித் தாண்டி, மதிலோரம் நின்றவரிடம் போய்விட்டாள். முடிவைத் தேடி விடிய விடியப் பக்கங்களைத் தள்ளிய எனக்கு அது வாய்க்கவில்லை. அகதா கிறிஸ்டி தம் துப்பறிவாளர் புவாரோவின் இறுதி வழக்கை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதி வைத்துவிட்டு, அது 1975இல் வெளிவரும்வரை அவரையே வைத்து மேலும் பல நாவல்கள் எழுதினார். முடிவு தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சப்பென்று ஆகிவிடும் என்பவர்களிடம் இதைச் சொல்வேன். சக நூலகரிடமும் சொன்னேன். "எழுதினவங்களுக்கு முடிவு தெரியாம இருக்குமா? வாசிக்கிற பிள்ளைக்கும் அதுவும் ஒண்ணா?" என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் அவ்வளவு பலமானதாக இல்லை.

அவள் கேட்டதைத்தான் கொடுத்தேன். அவள் வளர்ந்த பெண், தனக்கு என்ன வேண்டும் என்று அறிந்தே கேட்டாள். மங்களூருவில் அந்தப் புத்தகம் கிடைக்காது என்று நானும் அவளும் ஏன் முடிவு கட்டினோம் என்பதுதான் விளங்கவில்லை. அங்கே இல்லாத நூலகமா?

கேட்டவருக்கு முடிவைச் சொல்வதில் தவறில்லை என்ற என் கட்சியை நான் இன்னும் விடவில்லை. அப்படியானால் அந்தப் பெயரை இந்தக் கட்டுரையில் ஏன் எழுதவில்லை என்று சக நூலகர் கேட்பார். அதற்கு என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.