ஆர்தருக்கே இரண்டாம் இடம்

அறுபதுகளில் புகழ்பெற்ற பிரித்தானிய றொக் குழுவான கிங்க்ஸின் மிகச் சிறந்த இசைத்தட்டு எது என்பதில் எங்களுக்குள் ஒருநாளும் வாதம் எழுந்ததில்லை. 1968 நவம்பர் 22ஆம் திகதி, பீற்றில்ஸின் வெள்ளை உறை இசைத்தட்டு வந்த அதே நாளில் வெளிவந்து, பிரித்தானியாவிலோ அமெரிக்காவிலோ விற்பனைப் பட்டியலை எட்டாமலே போன ‘வில்லேஜ் கிரீன் பிறிசர்வேஷன் சொசைற்றி’க்கே அந்த இடம் என்பதை, கல்லூரி விடுதியில் ஒன்றாக வளர்ந்து பின்னர் வட இலண்டனில் மீண்டும் ஒன்றுசேர்ந்த நாங்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தோம். அதற்கு அடுத்த இடம் எதற்கு என்பதில்தான் எங்கள் இளமைக்கால மாலைகள் பல கழிந்தன. அது ‘ஆர்தர்’ என்ற தட்டுக்கே என்பது என் கட்சி. மலர்க் குழுவினர் கல்லூரி நட்புகளைப் பற்றி எழுதித் தருமாறு கேட்டபோது, அந்த நட்புகளை இத்தனை காலம் கட்டிக்காத்த இந்த விவாதத்தை விட்டு வேறு எதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

விடுதியில் இருந்த காலத்தில் முழு இசைத்தட்டு எதையும் நாங்கள் கையால் தொட்டதுகூட இல்லை. இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக சேவையில் ஒவ்வொன்றாக வந்த பாடல்களே எங்களுக்குக் கிடைத்தவை. 1964இல் ‘யூ றியலி கொற் மீ’ வந்தபோது, அதன் கிற்றார் ஏன் அப்படிக் கிழிந்த குரலில் கத்துகிறது என்று, மேல் வகுப்பில் பௌதிகம் படித்த அண்ணன்மார் நாட்கணக்காக ஆராய்ந்தார்கள். குழுவின் கிற்றார் கலைஞர் டேவ் டேவிஸ் தன்னுடைய ஒலிபெருக்கியின் கூம்பைச் சவர அலகால் கீறி வைத்திருந்தார் என்ற செய்தி எங்களை வந்தடைய ஆண்டுகள் பல ஆயின. 1966இல் ‘சணி ஆஃப்ரநூன்’ பாடலை, இரவுப் படிப்பு நேரம் முடிந்து விளக்கணைக்கும் மணி அடிப்பதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு சிறிய திரான்சிஸ்ரரைச் சுற்றிக் குந்தியிருந்தவர்களே பின்னாளில் இந்த விவாதத்தின் கட்சித் தலைவர்கள் ஆனார்கள். இதை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பாடலைத் தனித்தனியாகக் கேட்டுப் பழகிய காதுகளோடுதான் நாங்கள் இலண்டனுக்கு வந்தோம். இசைத்தட்டை ஒரு முழுப் படைப்பாகக் கேட்கும் பழக்கத்தை இங்கேதான் கற்றுக்கொண்டோம். எங்களுடைய கருத்து வேறுபாடுகளில் பெரும்பாலானவை அந்த இரு பழக்கங்களுக்கும் இடையே எழுந்தவை.

எழுபதுகளின் தொடக்கத்தில் கணக்கியலும் பொறியியலும் படிக்க வந்த எங்களில் பலருக்கு ஹோன்சிப் பக்கத்தில் அறைகள் கிடைத்தன. அங்கிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் மஸ்வெல் ஹில் இருந்தது. அதற்கு அருகே ஃபோர்ற்றிஸ் கிரீனில், ஆறு அக்காமாருக்குப் பின் பிறந்த இரு தம்பிமாரான, குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான றே டேவிஸும் டேவும் வளர்ந்த டென்மார்க் ரெறஸ் வீடும், அதற்கு எதிரே அவர்கள் முதன்முதலில் வாசித்துப் பழகிய கிளிசோல்ட் ஆம்ஸ் மதுச்சாலையும் இருந்தன. 1973இல் கிங்க்ஸ் குழுவினர் தங்களுடைய கொங்க் ஒலிப்பதிவுக் கூடத்தை ரொட்டன்ஹாம் லேனில், எங்கள் பேருந்துப் பாதையிலேயே அமைத்துக்கொண்டபோது, எங்களுக்கு ஏற்பட்ட பெருமைக்கு அளவில்லை. பழைய தட்டுக் கடைகளில் வாங்கிச் சேர்த்தவற்றை ஞாயிறு பிற்பகல்களில் ஓர் அறையில் கூடிக் கேட்போம். எங்கள் விதி எளிமையானது: ஒரு தட்டுக்காக வாதாட வருபவர் அதன் இரு பக்கங்களையும் ஊசியைத் தூக்காமல் எல்லோருக்கும் போட்டுக் காட்டிய பிறகே வாய் திறக்கலாம்.

1967 செப்டெம்பரில் வந்த ‘சம்திங் எல்ஸ்’ தட்டின் தரப்பில் நின்றவர், கல்லூரி விவாத அணிக்குத் தலைமை தாங்கியவர். பதின்மூன்று பாடல்களில் கடைசியாக ‘வாற்றலூ சன்செற்’ வரும் ஒரு தட்டைத் தாண்டி வேறெதைப் பேச முடியும் என்பது அவருடைய முதல் கேள்வி. குடும்பத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் அக்காவையும் கட்டின்றித் திரியும் தங்கையையும் வைத்து, சகோதரர் இருவரின் கதையையே மறைமுகமாகச் சொல்லும் ‘ரூ சிஸ்ரர்ஸ்’ பாடலைப் பற்றி அவர் பேசும்போது அறையே அமைதியாகிவிடும். அந்தப் பாடலில் வரும் ஹார்ப்சிகோட் என்ற பழைய விசைப்பலகை வாத்தியத்தின் ஓசையை இன்று கேட்டாலும் எனக்கு அவருடைய குரல்தான் முன்னே வருகிறது. ஆனாலும் அவருக்கு நான் அன்று சொன்ன பதிலையே இன்றும் சொல்வேன். ‘வாற்றலூ சன்செற்’ அதே ஆண்டு மே மாதத்தில் தனித்தட்டாக வந்து இரண்டாம் இடம் வரை ஏறிய பாடல். டேவ் பாடிய ‘டெத் ஒஃப் எ க்ளவுன்’ பாடலும் அப்படியே முன்னதாகத் தனியாக வந்து வெற்றி பெற்றது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால், மீதிப் பாடல்கள் நல்ல பாடல்களாக நிற்குமேயன்றி ஒன்றையொன்று தாங்கி நிற்பதில்லை. அவற்றை எந்த வரிசையில் மாற்றி வைத்தாலும் பெரிய இழப்பு நேராது.

‘ஃபேஸ் டு ஃபேஸ்’ தட்டுக்காக வாதாடியவர் ஊரில் முறையாக வயலின் பயின்றவர். 1965 தொடக்கத்தில் அவுஸ்திரேலியப் பயணத்தின் நடுவே பம்பாயில் தங்கியபோது, விடியற்காலையில் மீனவர்கள் பாடிச் செல்வதைக் கேட்ட றே டேவிஸ், அந்த நினைவிலிருந்து ‘சீ மை ஃப்ரெண்ட்ஸ்’ பாடலை உருவாக்கினார் என்பதை எங்களுக்கு முதலில் சொன்னவர் அவரே. அந்தப் பாடல் அக்காலத்தில் பிரித்தானியாவில் வந்த வழமையான அல்பம் எதிலும் இல்லை. ஆனால் அதன் தொடர்ச்சியாக, 1966 ஒக்டோபரில் வந்த இந்தத் தட்டில் ‘ஃபான்சி’ என்ற பாடல் இருக்கிறது. அதன் அடியில் விடாமல் ஒலிக்கும் சுருதியைக் கேட்டுவிட்டு, தம்புராவை உணர்ந்த ஒருவரால்தான் இப்படி ஒரு சுரத்தில் நிலைத்து நிற்க முடியும் என்பார். பதினான்கு பாடல்களையும் றே டேவிஸ் ஒருவரே எழுதிய முதல் கிங்க்ஸ் தட்டு அது என்பதும் அவருடைய வலுவான வாதம்.

‘மஸ்வெல் ஹில்பில்லீஸ்’ 1971இல் வந்ததால் அறுபதுகளின் கணக்கில் சேராது என்று சிலர் ஒதுக்கிவிட்டார்கள். நகரசபை நில அளவைப் பிரிவில் பணியாற்றிய நண்பர் ஒருவர் மட்டும், பழைய வீடுகளை இடித்து மக்களை வேறிடத்துக்கு அனுப்பும் அதிகாரிகளைப் பற்றிய பாடல் அதில் இருப்பதால் அதை விட்டுக்கொடுக்க மறுத்தார். அதன் உறைப் படம் எடுக்கப்பட்ட ஆர்ச்வே மதுச்சாலையைக் கடந்துதான் பின்னாளில் நாங்கள் ஹைகேற் முருகன் கோயிலுக்குப் போனோம். கடக்கும்போதெல்லாம் அவர் அதைச் சுட்டிக்காட்டத் தவறியதில்லை.

என்னுடைய தெரிவு 1969 ஒக்டோபரில் வந்த ‘ஆர்தர்’. பிரித்தானியப் பேரரசின் வீழ்ச்சி என்பதைத் துணைத்தலைப்பாகக் கொண்ட இந்தத் தட்டு, கிரனடா தொலைக்காட்சிக்காக எழுத்தாளர் ஜூலியன் மிச்சலுடன் சேர்ந்து றே டேவிஸ் உருவாக்கிய நாடகத்தின் இசையாகத் தொடங்கியது. நாடகம் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. பாடல்கள் மட்டும் தப்பின. கதை உண்மையான குடும்பத்திலிருந்து எடுக்கப்பட்டது. றே சிறுவயதில் சில காலம் அக்கா றோஸின் வீட்டில் வளர்ந்தவர். அந்த அக்காவும் அவருடைய கணவர் ஆர்தரும் 1964இல் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். தட்டில் வரும் ஆர்தர், தரைவிரிப்புப் பதிக்கும் தொழிலாளி. இலண்டன் புறநகரில் ‘ஷங்ரி-லா’ என்று பெயரிட்ட சிறிய வீட்டில் வாழ்பவர். அவருடைய மகன் மனைவி பிள்ளைகளோடு அவுஸ்திரேலியாவுக்குப் போக ஆயத்தமாகிறான்.

முதற்பாடலான ‘விக்ரோறியா’வில் பேரரசின் நிலங்கள் பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றன: கனடா, இந்தியா, அவுஸ்திரேலியா, கோர்ன்வோல், சிங்கப்பூர், ஹொங்கொங். இலங்கை அங்கே இல்லை. எனினும், இங்கிலாந்து அரச பரம்பரையை வரிசை பிசகாமல் ஒப்புவித்து யாழ்ப்பாணத்தில் தேர்வு எழுதிய எங்களுக்கு, அந்தப் பாடலின் துள்ளலும் அதற்குள் இருக்கும் வேதனையும் விளக்கம் இன்றியே விளங்கின. அந்தப் பேரரசு தன்னுடைய சொந்த நாட்டு ஏழைத் தொழிலாளியை எப்படி நடத்தியது என்பதே அடுத்த பாடல்களில் வருகிறது. ‘யெஸ் சேர் நோ சேர்’ பாடலில் எதற்கும் அனுமதி கேட்டு நிற்கும் சிப்பாய், அதற்கு அடுத்த ‘சம் மதர்ஸ் சன்’ பாடலில் போர்க்களத்தில் இறந்து கிடக்கிறான். வீட்டில் சட்டமிட்ட படத்துக்குப் பூ வைக்கும் தாயை அந்தப் பாடல் காட்டும் இடத்தில், எங்களுடைய அறையில் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு எவராலும் பேச முடிந்ததில்லை. பாடல்களின் வரிசைக்கு அர்த்தம் உண்டு என்று நான் சொல்வது இதைத்தான். முன்னதைக் கேளாமல் பின்னதைக் கேட்டால் பாதி கனம் குறைந்துவிடும்.

முதற்பக்கத்தை முடிக்கும் ‘அவுஸ்திரேலியா’ பாடல் ஏறத்தாழ ஏழு நிமிடம் நீள்கிறது. குடிபெயர்வுத் துண்டுப்பிரசுரம் ஒன்றைப் பாடலாக்கியது போல, வர்க்க வேறுபாடு இல்லாத, வெயில் நிறைந்த நாடு என்று அது வாக்குறுதிகளை அடுக்கிவிட்டு, சொற்கள் தீர்ந்த பிறகும் வாத்தியங்களால் மட்டும் நெடுநேரம் அலைகிறது. மெல்பேர்ணில் வாழும் எங்கள் வகுப்புத் தோழர், அந்த இறுதிப் பகுதி தேவைக்கு மேல் நீண்டுவிட்டது என்று கடிதங்களில் எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு அது அப்படித் தோன்றியதில்லை. பத்துப் பவுண் கட்டணத்தில் பிரித்தானியர்களைக் கப்பலேற்றிய அந்தக் காலத்தில், வெள்ளையர் அல்லாதோருக்கு அந்நாட்டின் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. அந்தக் கொள்கை 1973இல் முற்றாகக் கைவிடப்பட்ட பின்னரே நம்மவர்கள் அங்கே பெருந்தொகையாகப் போக முடிந்தது. வாக்குறுதி ஒன்று முடிந்து, கரை தெரியாத தண்ணீர் தொடங்கும் இடமாகவே அந்த நீண்ட வாசிப்பை நான் கேட்கிறேன். அதைச் சுருக்கினால் பயணத்தின் தூரம் தெரியாமல் போய்விடும்.

இரண்டாம் பக்கம் ‘ஷங்ரி-லா’வில் தொடங்குகிறது. விரல்களால் மெதுவாக மீட்டும் கிற்றாரில் தொடங்கி, பித்தளை வாத்தியங்கள் சேர்ந்து, திடீரென்று றொக்காக வெடித்து, மீண்டும் அடங்கும் இந்தப் பாடலை, கிங்க்ஸ் குழு எழுதிய அனைத்திலும் முதன்மையானதாக நான் கருதுகிறேன். செருப்பும் ஆடும் நாற்காலியும் கணப்பும் வீட்டுக் கடனும் கொண்ட ஆர்தரின் வாழ்வை அது குத்திக்காட்டுவதாகச் சொன்ன நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு அன்று வீடு இல்லை. பின்னர் ஹறோவிலும் வெம்பிளியிலும் ஒரே மாதிரியான வீட்டு வரிசைகளில் கடன் எடுத்துக் குடியேறிய பிறகு அவர்களே அந்தப் பாடலில் உள்ள பரிவைக் கேட்கத் தொடங்கினார்கள். அதைப் போலவே ‘நத்திங் ரு சே’ என்ற பாடலில், தந்தையைப் பார்க்க வரும் மகனுக்குப் பேச எதுவும் இல்லாமல் போகிறது. ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட அப்பாமாரோடு ஒரு வரவேற்பறையில் இருந்து பழகிய நம் தலைமுறைக்கு அந்த மௌனம் புதிதன்று.

இத்தனை இருந்தும் ‘ஆர்தர்’ பிரித்தானிய அல்பப் பட்டியலை எட்டவில்லை. அமெரிக்காவில் 105ஆம் இடம் வரை போனது. 1965 முதல் அங்கே வாசிக்க முடியாதபடி இருந்த தடை நீங்கி, குழுவினர் மீண்டும் அந்நாட்டுக்குப் போன காலம் அது. தொடக்கம் முதல் பேஸ் கிற்றார் வாசித்த பீற் குவெய்ஃப் விலகி, ஜோன் டால்ட்டன் அந்த இடத்தை ஏற்ற முதல் தட்டும் இதுவே. குவெய்ஃப் இல்லாததால் இதை முழுமையான கிங்க்ஸ் தட்டாகக் கொள்ள முடியாது என்று விவாத அணித் தலைவர் வாதாடினார்; ‘விக்ரோறியா’வின் பேஸ் கிற்றாரை மட்டும் தனியாகக் கவனித்துக் கேட்டால் அந்தக் குறை எவருக்கும் தோன்றாது என்று நினைக்கிறேன்.

வயலின் பயின்ற நண்பரிடம் மட்டும் நான் ஒரு விடயத்தில் நெருங்கி வந்திருக்கிறேன். அவருடைய ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ தட்டில் ‘றோசி வோன்ற் யூ பிளீஸ் கம் ஹோம்’ என்ற சிறிய பாடல் இருக்கிறது. அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட அதே அக்கா றோஸைத் திரும்பி வரச் சொல்லி, வீட்டில் இருப்பவர்களின் குரலில் பாடப்படுவது. ‘ஆர்தர்’ முளைத்த விதை அதற்குள்ளேயே கிடக்கிறது. ஆகவே மூன்றாம் இடத்தை ‘சம்திங் எல்ஸ்’ தட்டுக்குக் கொடுக்காமல், ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ தட்டுக்கே கொடுக்கிறேன். விவாத அணித் தலைவர் இதை ஏற்கவில்லை. தம்முடைய மறுப்பை அடுத்த மலருக்கு எழுதி அனுப்புவதாக அறிவித்திருக்கிறார்.