இருபத்திரண்டால் பெருக்குகிறவர்கள்

நீலகிரியில் எங்கள் பந்தலூர் பஜாரில் எப்போதும் போகும் டீக்கடை. 2024 ஜூனில் ஊருக்கு வந்த இரண்டாம் நாள். குடையை மடக்கி ஓரமாகச் சாத்திவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே இருந்தவர் எனக்குத் தூரத்து மாமா முறை.

"ரியால் இப்ப என்ன மாப்ள?"

"இருபத்திரண்டு சொச்சம் மாமா."

சம்பளம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. அது ஊருக்கே தெரியும். மேலே பார்த்தபடி உதடு அசைய மனக்கணக்குப் போட்டார். "தொண்ணூறாயிரத்துக்கு மேல வருதேப்பா!" என்றார். டீக்கு நான்தான் காசு கொடுத்தேன். அவர் தின்ற வடைக்கும்.

கணக்கில் தப்பில்லை. 4,200ஐ 22ஆல் பெருக்கினால் 92,400. சவுதியில் ஜுபைல் என்ற ஊரில் ஏசி பராமரிப்பு வேலை, பதினைந்து வருஷம். ஆனால் எங்கள் மலையில் என் சம்பளத்தைப் பெருக்கத்தான் ஆள் இருக்கிறது. கழிப்பதெல்லாம் என் மனைவி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். இந்த விடுமுறையில் கரண்ட் போன ஒரு ராத்திரியில்தான் அதை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் வந்து சேர்ந்த கதை கொஞ்சம் இருக்கிறது.

தமாமிலிருந்து கோழிக்கோடு. பந்தலூர்க்காரர்களுக்குக் கோவையைவிடக் கரிப்பூர் விமான நிலையம்தான் பக்கம். நிலம்பூர், வழிக்கடவு, அப்புறம் நாடுகாணிச் சுரம் ஏறினால் நம்ம ஊர் குளிர். மற்ற நாளில் 600 ரியாலுக்குக் கிடைக்கும் டிக்கெட், பெருநாளும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வந்த ஜூனில் 1,350. போய்த் திரும்பும் விசாவுக்கு இரண்டு மாதத்துக்கு 200 ரியால், அது தனி. இதெல்லாம் பழகிவிட்டது. புதுசாக வந்தது இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும். டிஎன் 43 என்று நீலகிரியில் பதிந்த வண்டிக்கு வேண்டாம். நான் பேசி வைத்ததோ கேரள டாக்ஸி. ஜுபைல் ரூமில் உட்கார்ந்து இணையத்தில் விண்ணப்பித்தேன். இந்தியாவில் இருந்து வருகிறீர்களா, வெளிநாட்டில் இருந்தா? வெளிநாடு. எங்கே தங்கப் போகிறீர்கள்? என் வீட்டு முகவரியை எழுதினேன். பாஸ் உடனே வந்துவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொந்த வீட்டுக்குப் போக பாஸ் எடுத்தவன் என்று ரூமில் ஒரு வாரம் ஓட்டினார்கள்.

2009இல் நான் போனபோது ரியால் பன்னிரண்டு, பதின்மூன்று ரூபாய். சம்பளம் 1,400. ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று அங்கே நிலையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் டாலருக்கு எதிராக ரூபாய் விழும்போதெல்லாம் ரியாலுக்கும் விழும். 2013 ஆகஸ்டில் டாலர் 68ஐத் தாண்டியது நினைவிருக்கும். டிவியில் ரூபாய்க்கு வரலாறு காணாத வீழ்ச்சி என்று துக்க முகத்தோடு செய்தி படிக்கிறார்கள், எங்கள் ரூமில் பிரியாணி ஆர்டர் போகிறது. பணம் அனுப்பும் கடைகளில் வரிசை தெரு வரைக்கும் நின்றது. கடன் வாங்கி அனுப்பினவர்களும் உண்டு, நானும் அனுப்பினேன். சொந்த நாட்டுப் பணம் விழுந்தால் கை தட்டுகிற பிழைப்பு. அந்தச் சந்தோஷமும் ஊரில் சிமெண்ட் விலை கேட்கும் வரைதான்.

அன்றிலிருந்து பிடித்த வியாதி இந்த ரேட் பார்ப்பது. சம்பளம் வந்த அன்றே அனுப்ப மாட்டோம். நாளைக்குப் பத்துப் பைசா ஏறும் என்று ஒருவன் சொல்வான். இரண்டாயிரம் ரியாலுக்குப் பத்துப் பைசா என்றால் இருநூறு ரூபாய். அதற்காக நாலு நாள், ஐந்து நாள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பேன். பெரிய பொருளாதார நிபுணர் என்று நினைப்பு.

2014இல் மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டேன். மகள் அங்கேதான் பிறந்தாள். சின்ன வீடு, பழைய கார், வெள்ளிக்கிழமைகளில் தமாம் கடற்கரை. நாலு வருஷம் அப்படி ஓடியது. 2017 ஜூலையில் குடும்ப வரி வந்தது. உடன் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால். அடுத்த ஜூலையில் 200, அதற்கடுத்த ஜூலையில் 300, 2020இல் 400 என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதுவும் மாதாமாதம் கட்டுவதில்லை, இகாமா என்கிற வசிப்பு அனுமதி அட்டையைப் புதுப்பிக்கும்போது வருஷத்துக்கும் சேர்த்து முதலிலேயே வைக்க வேண்டும். எனக்கு மூன்று தலை. முதல் வருஷம் 3,600 ரியால். அப்போது என் சம்பளமே 3,600தான். ஒரு மாசச் சம்பளம் போகட்டும், சமாளிக்கலாம் என்றேன். மனைவி காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள்: 3,600, 7,200, 10,800, 14,400. கடைசியில் வருஷத்துக்கு நாலு மாசச் சம்பளம், பெண்டாட்டி பிள்ளைகள் என்னோடு இருப்பதற்காக மட்டும். 2018 ஜனவரியில் பெட்ரோல் லிட்டர் 75 ஹலாலாவிலிருந்து, அதாவது முக்கால் ரியாலிலிருந்து, 1.37 ரியாலுக்குப் போனது, வாட் 5 சதவீதம் வந்தது. அந்த மார்ச்சில் பரீட்சை முடிந்ததும் மூட்டை கட்டினோம்.

அப்போது எல்லாக் குடும்பமும் கிளம்பிக்கொண்டிருந்தது. அதனால் சாமானை வாங்க ஆளில்லை. 1,100க்கு வாங்கிய ஃப்ரிட்ஜை 150க்குக் கொடுத்தேன். எடுக்க வந்தவர் சுமைகூலி நீ தருவாயா என்று கேட்டார். மகனுக்கு அப்போது எட்டு வயது. ஜூன் மாதம் பந்தலூர் மழை பிடித்ததும் போனில் கேட்டான், "அப்பா, இது எப்ப நிக்கும்?" அக்டோபர் வரைக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

2020 ஜூலையில் வாட் ஒரேயடியாக 15 சதவீதம் ஆனபோது, நல்லவேளை அனுப்பினோம், நாம் கெட்டிக்காரர்கள் என்று போனில் பேசிக்கொண்டோம். கொரோனாவில் விமானம் நின்றுபோய், அந்தக் கெட்டிக்காரத்தனத்தோடு இரண்டு வருஷம் பார்த்துக்கொள்ளாமல் இருந்தோம்.

இனி ஓடிபி பாறை. எங்கள் லைன் வீடுகளுக்கு மேலே, மாரியம்மன் கோயிலைத் தாண்டி ஒரு பாறை இருக்கிறது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் டவரும் போய்விடும், அந்தப் பாறையில் மட்டும் இரண்டு கோடு சிக்னல் வரும். வங்கிக் கணக்கில் பதிந்திருப்பது ஊர் நம்பர், அது மனைவியின் போனில் இருக்கிறது. நான் ஜுபைலில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் அவள் பாறை ஏற வேண்டும். ஒரு கையில் குடை, ஒரு கையில் அந்தப் போன், தோளுக்கும் காதுக்கும் நடுவில் இன்னொரு போன்.

"வந்துச்சா?"

"வரல."

"இப்ப?"

"வந்துருச்சு, எழுதிக்கங்க. நாலு, ஏழு, பூஜ்யம்... ஏங்க, கீழ யானை நிக்குதாம், கூப்புடுறாங்க, நான் போறேன்."

மீதி மூன்று எண் வரவே இல்லை. சவுதி நம்பரிலேயே யூபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று 2023இல் வழி திறந்தார்கள். என் வங்கியின் ஆப் இன்னும் அந்த வழிக்கு வரவில்லை.

அந்தக் கணக்கே ஒரு கதை. வெளிநாட்டில் வேலை பார்ப்பவன் ஊரில் சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது, அதை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், அங்கிருந்து வரும் சம்பளத்துக்கு என்ஆர்இ கணக்கு திறக்க வேண்டும். எட்டு வருஷம் இது எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. என்ஆர்இ வட்டிக்கு இங்கே வரி கிடையாது. என்ஆர்ஓ வட்டியில் செஸ்ஸோடு சேர்த்து 31.2 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அப்பா இறந்தபின் வந்த தொகையை நான் போட்டு வைத்தது, கேட்கவா வேண்டும், என்ஆர்ஓ டெபாசிட்டில். பத்தாயிரம் வட்டி என்றால் 3,120 போய்விடும். ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், வாங்கவும் செய்தேன். அதற்கு ஆடிட்டருக்கு 1,500.

இந்த முறை வந்ததற்கு ஒரு காரணம் பக்கத்துத் தேயிலை. எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் முக்கால் ஏக்கர், விலைக்கு வருகிறது. கையில் கொஞ்சம் இருக்கிறது, மீதியைப் புரட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கூடலூரில் விசாரித்தபோதுதான் தெரிந்தது: ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியர் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம், விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்கக் கூடாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் தேயிலைச் செடி இல்லாத இடம் ரோடு மட்டும்தான். பதினைந்து வருஷம் சம்பாதித்து, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் செடியை என் பேரில் வாங்க முடியாது.

சரி, மனைவி பேரில் வாங்கலாம், அவள் இங்கேயே இருக்கிறவள், தடையில்லை. அவளுக்கு அதில் விருப்பமில்லை. "கொழுந்து வெலைய தேயிலை வாரியம் மாசம் ஒண்ணு சொல்லுது. பறிகூலி, உரம், வண்டிக்கூலி போக என்ன மிஞ்சும்? இலைய நான் எண்ணிக்கிட்டு உக்காரவா?" என்றாள். இரண்டு நாள் இதே பேச்சு. மூன்றாம் நாள் அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டிருந்த அப்பாயி ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"பட்டா இருக்காடா?"

இல்லை. அது செக்‌ஷன் 17 நிலம். 1969ஆம் வருஷத்து கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மாட்டிக்கொண்ட நிலங்கள் எங்கள் பக்கம் ஏராளம். தலைமுறையாகக் குடியிருப்பார்கள், தேயிலை வைத்திருப்பார்கள், பட்டா கிடையாது, கரண்ட் இணைப்புக்குக்கூட அலைய வேண்டும். ஃபெமாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், யார் பேரிலும் பதிய முடியாத நிலம் அது. விற்க வந்தவரைக் கேட்டேன். "வந்துரும்ணே, மேல பேசிக்கிட்டிருக்காங்க" என்றார்.

அப்பாயிக்குக் காகிதத்தின் மேல் அப்படி ஒரு பயம். சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் போட்டபோது இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகக் கணக்கு. அந்தக் கணக்கில் எங்கள் தாத்தா குடும்பமும் விழுந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து இந்தத் தேயிலை. முகாமில் கொடுத்த அட்டையை அப்பாயி இன்னும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறது. என் இகாமா எங்கே என்று வந்த அன்றே கேட்டு, பார்த்து, திருப்பித் தந்தது. சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குச் சிலோன்காரர் வீடு என்று பேர். இப்போது சவுதிக்காரர் வீடு.

திருவிழாக் கமிட்டி வந்தது. வீட்டுக்கு 1,500 வரி, வெளிநாட்டில் ஆள் இருந்தால் 5,000. கொடுத்தேன். அவர்களுக்கும் பெருக்கல் தெரியும்.

சரி, நோட்டு. அன்று ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் சும்மாதான் எடுத்தேன். வீட்டுக் கடன் 18,500. ஸ்கூல் வேன் இரண்டு பேருக்கு 3,200. அத்தை மாத்திரை 2,740. சீட்டு 5,000. யானை உடைத்த பாத்ரூம் சுவர் 7,600. மே மாதத்தில் மொய் மட்டும் ஏழு வரி. கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு கட்டம். வளையல் வைத்தது, வளையல் மீட்டது, வளையல் வைத்தது, வளையல் மீட்டது. எதிரே தேதி. எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது. பிப்ரவரித் தேதியைப் பார்த்ததும் என் போனில் பணம் அனுப்பிய ரசீதைத் தேடினேன். சம்பளம் வந்து ஐந்து நாள் கழித்து அனுப்பியிருக்கிறேன். அந்த மாதம் ரேட் பன்னிரண்டு பைசா ஏறியது, அதை அவளிடம் போனில் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. அந்த ஐந்து நாளுக்குள் ஸ்கூல் டெர்ம் ஃபீஸுக்குக் கடைசி நாள் வந்திருக்கிறது.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீங்க யாருகிட்டயாவது கடன் வாங்கி அனுப்புவீங்க. அதுக்கு இது பரவால்ல."

அப்புறம் ஜூன் பக்கத்தைப் புரட்டினேன். வீட்டுக் கடனுக்கும் மேலே, அந்த மாதத்தின் பெரிய செலவாக முதல் வரியில் எழுதியிருந்தது: 'அவர் வந்த செலவு – 31,400'.

"இதுல என்னென்ன சேர்த்த?" என்று கேட்டேன்.

"டாக்ஸி, கறி, விருந்தாளிங்க, கோயில் வரி, அந்த நெலத்துக்குக் கூடலூர் போய்ட்டு வந்தது. திரும்பிப் போற டாக்ஸிய இன்னும் எழுதல" என்றாள்.