ரெஷன் கணவாய்க்கு முன் ஓர் எடை மேடை

பழைய கேம்பர் வேனின் டயர் தேய்வதே இல்லை. ஓடினால்தானே தேயும்? எங்களுடையது 2003-ஆம் வருட ஃபியட் டுகாட்டோ, உள்ளேயே கட்டிலும் அடுப்பும் உள்ள வண்டி. வருடத்தில் பாதிக்கு மேல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் பக்கம் ஒரு விவசாயியின் கொட்டகை வாசலில் வெயில் காய்ந்தபடி நிற்கும். டயரில் பட்டன், அதாவது மேல் வரிகளின் ஆழம், ஆறு மில்லிமீட்டர் இருந்தது. ஜெர்மன் சட்டம் கேட்பது 1.6 தான். ஆனால் பக்கவாட்டில் 'டாட்' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்கள் 1811. அதாவது 2011-ஆம் வருடத்தின் 18-ஆவது வாரத்தில் செய்தது. விரலால் அழுத்திப் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் வாய் திறந்தன. ரப்பரோடு கலந்திருக்கும் மெழுகு, டயர் உருளும்போது மேலே கசிந்து வெயிலிலிருந்தும் ஓசோனிலிருந்தும் அதைக் காக்கும். நின்றே கிடக்கும் வண்டிக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மனியில் காருக்குப் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு 100 கிலோமீட்டர் வேகத்தில் போக அனுமதி வேண்டுமென்றால், கேரவனின் டயர் ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும். குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு ஓடும் மூன்றரை டன் கேம்பருக்கு அப்படி எந்த வயது வரம்பும் கிடையாது!

ஈஸ்டர் விடுமுறைக்கு ஆஸ்திரியா வழியாக இத்தாலியின் மெரான் போவதாகத் திட்டம். ஃப்யூஸன், ஃபெர்ன் கணவாய், லாண்டெக், பிறகு 1,500 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் ரெஷன் கணவாய். ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே பனி விழுந்தாலும் ஆச்சரியமில்லை. பழைய டயரில் 'எம்+எஸ்' (சேறும் பனியும்) என்று மட்டும் போட்டிருந்தது, மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இல்லை. ஆஸ்திரியாவில் ஏப்ரல் 15 வரை பனிச் சாலைக்கு எம்+எஸ்ஸும் நான்கு மில்லிமீட்டர் பட்டனும் போதும். ஜெர்மனியிலோ 2024 அக்டோபரிலிருந்து அந்த முத்திரை இல்லாமல் பனியில் ஓட்டக் கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லும் டயர் இந்தப் பக்கம் செல்லாது. எப்படியும் மாற்றத்தான் போகிறோம் என்பதால் நான் இதில் தலையை உடைத்துக்கொள்ளவில்லை.

அளவு ஆர்.சி.யிலேயே இருக்கிறது: 215/70 ஆர்15 சி. இணையத்தில் தேடினால் இதே 215/70 ஆர்15 பாதி விலைக்கு வந்து நிற்கும். கண்ணை உறுத்தாத வித்தியாசம் அதற்கு அடுத்த எண்ணில் இருக்கிறது. டயர் தாங்கும் எடையைச் சொல்லும் குறியீடு அது. எங்களுக்கு வேண்டியது 109, ஒரு டயருக்கு 1,030 கிலோ. மலிவானதில் 98 என்றிருந்தது. அது கார் டயர், தாங்குவது 750 கிலோ. டிஸ்க்கில் கச்சிதமாக உட்காரும், பார்க்கவும் அழகாக இருக்கும்.

எவ்வளவு தாங்க வேண்டும் என்று தெரியாமல் டயர் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழைய இரும்பு வாங்கும் ஒரு யார்டின் எடை மேடைக்குப் போனோம். தண்ணீர்த் தொட்டி முழுக்க, கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, பின்னால் சைக்கிள்கள், பிள்ளைகள் என்று பயணத்துக்குப் புறப்படும் கோலத்திலேயே. "என்னங்க, தோசைக்கல்லையும் ஏத்திட்டேன், அப்புறம் அதை விட்டுட்டோம்னு சொல்லாதீங்க" என்றாள் மனைவி. முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றினோம்: 1,520 கிலோ. பிறகு முழு வண்டி: 3,340. கழித்தால் பின் அச்சுக்கு 1,820. அனுமதி 1,850.

மொத்த எடையைப் பார்த்தால் மூன்றரை டன்னுக்கு இன்னும் 160 கிலோ மிச்சம், பின் அச்சில் வெறும் 30. காரணம் சைக்கிள்கள். பின் சக்கரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கியில் 40 கிலோ தொங்கினால், நெம்புகோலாக அது முன்பக்கத்தைத் தூக்கிவிடும். பின் அச்சில் 40-க்கும் அதிகமாகவே ஏறும். போதாததற்குத் தண்ணீர்த் தொட்டியும் ஃபிரிட்ஜும் இடது பக்கம். 1,820-ஐ இரண்டால் வகுத்து டயருக்கு 910 என்று நிம்மதியாக இருக்க முடியாது. அரிசி மூட்டை அன்றே முன் இருக்கைக்குப் பின்னால் குடியேறியது.

அடுத்த கேள்வி, சரக்கு வண்டிக்கான 'சி'யா, கேம்பருக்கென்றே வரும் 'சிபி'யா? முகாம்களில் இதற்குப் பட்டிமன்றமே நடக்கும். சரக்கு வண்டிகள் லட்சக்கணக்கில் சி டயரில்தானே ஓடுகின்றன என்பார்கள். ஓடுகின்றன, ஆனால் அவை சாயங்காலம் சரக்கை இறக்கிவிடும். கேம்பரின் கட்டில், அலமாரி, அடுப்பு எல்லாம் பன்னிரண்டு மாதமும் டயர் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதற்காகப் பக்கச் சுவரை வலுவாக்கிச் செய்வது சிபி. விலை கூடுதல்தான். எங்களைப் போல நிறுத்தியே வைத்திருப்பவர்களுக்கு அது தண்டச் செலவல்ல என்பது என் கட்சி. முன் சக்கர இழுவை வண்டி, ஈரப் புல்லில் சறுக்கும் என்பதால், பனி முத்திரை உள்ள எல்லாப் பருவ ரகமாகப் பார்த்தேன். மிஷ்லின் கிராஸ்கிளைமேட் கேம்பிங் அந்த அளவில் கிடைத்தது.

டயர் கடையில் புது ரப்பர் வால்வை மாட்டக் கையில் எடுத்தார்கள். சாதாரண ரப்பர் வால்வுக்கு 4.5 பார் காற்றழுத்தம்தான் எல்லை. சிபி டயரில் பின்னால் அதற்கு மேல் காற்று அடிக்க வேண்டிவரும் என்று சொல்லி உலோக வால்வு போடச் சொன்னேன். பின்னால் 5.5 அடித்துவிடு என்று ஒரு பொதுக் கணக்கு உலவுகிறது. அதை அடித்து ஓட்டினால் அலமாரியிலிருக்கும் டம்ளர் எல்லாம் பேச ஆரம்பிக்கும். அச்சு எடைகளை எழுதி டயர் கம்பெனியிடம் கேட்டேன். எங்கள் எடைக்கு ஐந்துக்குச் சற்றுக் கீழே போதும் என்று பதில் வந்தது. எடைச் சீட்டு அங்கேயும் கைகொடுத்தது.

பி17 சாலையில் லாண்ட்ஸ்பெர்க் தாண்டி ஓரங்கட்டி, வீல் போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்த்துக்கொண்டேன். புது டயர் மாட்டி ஐம்பது கிலோமீட்டரில் இதைச் செய்ய வேண்டும். ஃபெர்ன் கணவாயில் மழை. நௌடர்ஸுக்கு மேலே சாலையெல்லாம் பனிக்குழம்பு. வண்டி சொன்ன பக்கம் திரும்பியது, வேறென்ன வேண்டும்? ரெஷன் ஏரியில் 1950-இல் அணை நீரில் மூழ்கிய கிராமத்தின் தேவாலயக் கோபுரம் மட்டும் நீருக்கு மேலே நிற்கிறது. எல்லோரும் படம் எடுக்கும் இடம், நாங்களும் எடுத்தோம்.

கீழே வின்ஷ்காவ் பள்ளத்தாக்கில் ஆப்பிள் மொட்டுகள் விரியத் தொடங்கியிருந்தன. உறைபனி வரும் இரவுகளில் விவசாயிகள் மரங்களின் மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் மொட்டைக் காப்பாற்றிவிடும். தோப்பை ஒட்டிய எங்கள் முகாமின் புல்லும் காலையில் சொதசொதவென்று கிடந்தது. முன் சக்கரம் ஒருமுறை சுற்றியது, அப்புறம் பிடித்து ஏறிவிட்டது. பக்கத்து வண்டிக்காரருக்கு அடியில் பலகை வைத்து நாலு பேர் தள்ள வேண்டியிருந்தது. அவருடைய டயரிலும் பட்டன் நன்றாகவே இருந்தது.

ஸ்டெப்னி மட்டும் இன்னும் 2011-தான். அடுத்த டயர் கடை வரை ஐம்பது கிலோமீட்டர் உருளத்தானே என்று நான் சொல்கிறேன். அதையும் மாற்றச் சொல்லி மனைவி கேட்கிறாள்.