முதலில் விழப் பழகணும்

மாடலிங் செய்துகொண்டிருக்கும் ஒரு பெண் தொழில்முறை மல்யுத்தம் கற்கப் போகிறேன் என்று சொன்னால் இரண்டு பக்கமும் சிரிப்பார்கள். ஏஜென்சியில் "மூஞ்சியில அடிபட்டா என்ன பண்ணுவ?" என்பார்கள். பயிற்சிக் கூடத்தில் "போட்டோவுக்கு நிக்க வந்திருக்கு" என்று காதுபடவே பேசுவார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் சேர்ந்தேன். இப்போது சிறிய அரங்குகளில் தொடர்ந்து மோதுகிறேன், மாடலிங்கையும் விடவில்லை. இந்தப் பாதையில் வர நினைக்கும் பெண்கள் அடிக்கடி விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"எல்லாம் நடிப்புதானே?" என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்வது உண்மை. ஆனால் அது தரைக்குத் தெரியாது. ரிங்கின் அடியில் இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், எல்லாவற்றுக்கும் மேலே இழுத்துக் கட்டிய கேன்வாஸ். டிவியில் பார்க்கும்போது மெத்தை போலத் தோன்றும். கையால் தட்டிப் பாருங்கள், அந்த எண்ணம் அத்தோடு போய்விடும்.

சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை. இதயம், கழுத்து, முதுகெலும்பு, இரத்தப் பரிசோதனை எல்லாம் உண்டு. தலையில் முன்பு எப்போதாவது அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டதா என்று கேட்பார்கள். அதை மட்டும் மறைக்காதீர்கள். 

உள்ளே போனதும் யாரையும் தூக்கிப் போடச் சொல்லித்தர மாட்டார்கள். விழச் சொல்லித்தருவார்கள். பம்ப் என்பார்கள். குந்தி உட்கார்ந்த நிலையிலிருந்து பின்னால் சாய்ந்து மல்லாந்து விழ வேண்டும். மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும், கூடவே இரண்டு உள்ளங்கைகளும் உடம்புக்குச் சற்றுத் தள்ளி ஓங்கி அறைய வேண்டும். விழும் கணத்தில் மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும். உடம்பின் அகலமான பகுதி முழுக்க அடியைப் பகிர்ந்துகொண்டால் எந்த ஓர் இடமும் உடையாது. கணக்கு அவ்வளவுதான். அந்த ஓங்கிய அறைதான் பார்வையாளர் காதில் 'டமால்' என்று விழுவது.

சொல்ல எளிது. மனித உடம்பு பின்னால் விழும்போது கையைப் பின்னால் ஊன்றத்தான் பார்க்கும். ஊன்றினால் மணிக்கட்டு போயிற்று. மாடலாக இருந்தவளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: விழும்போதும் முகம் எப்படித் தெரிகிறது என்று கழுத்து தானாக நிமிரும். பல வருடம் மோவாயைத் தூக்கியே நடந்த கழுத்து அது. எங்கள் கோச் முன்பு ரிங்கில் மோதியவர். ஒரு சிறிய துண்டைச் சுருட்டி என் மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் செருகிவிட்டார். "துண்டு விழுந்தா உன் மண்டை விழுந்துச்சுன்னு அர்த்தம். எழுந்திரு, மறுபடி." அந்தத் துண்டு பொத்பொத்தென்று விழுந்துகொண்டே இருந்தது. அவர் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை, குனிந்து எடுத்து மறுபடி செருகினார். குந்தியிருந்து விழுந்தது சரியான பிறகு நின்றபடி, அதன் பிறகு ஓடி வந்து, அதன் பிறகு இன்னொருத்தி தூக்கிப் போட. துண்டு விழாமல் எழுந்த அன்று கோச் அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அடுத்தவளிடம் போய்விட்டார்.

அடுத்தது கயிறு. ஓடிப்போய் கயிற்றில் மோதித் திரும்புவது பார்க்க விளையாட்டாக இருக்கும். பல ரிங்குகளில் அதற்குள்ளே இருப்பது இரும்பு வடம், மேலே ரப்பர் குழாய், அதன்மேல் டேப். அடி எண்ணித்தான் ஓட வேண்டும், கடைசி அடியில் திரும்பி முதுகைக் கொடுக்க வேண்டும், மேல் கயிற்றைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் வெளியே போய் விழ வாய்ப்புண்டு. அக்குளிலிருந்து விலா வரை பட்டையாகக் கன்றிப்போகும், முதலில் சிவப்பு, அப்புறம் ஊதா, கடைசியில் மஞ்சள். மேக்கப் கலைஞர் ஒருவர் அந்த மஞ்சளின் மேல் கன்சீலரைத் தடவிக்கொண்டே "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, ரெஸ்லிங் என்றேன். அவர் நம்பவில்லை. தோள், முதுகு தெரியும் உடைகளுக்கான ஷூட்டை, கயிற்றுப் பயிற்சி நடக்கும் வாரங்களில் வைக்க வேண்டாம் என்று அதற்குப் பிறகு ஏஜென்சியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். முனகினார்கள், ஆனால் நாட்களை மாற்றினார்கள்.

பிடிகளைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தலையை இறுக்கும் ஹெட்லாக், கையை முறுக்கும் ஆர்ம் லாக் என்று பெரும்பாலான பிடிகளை எதிராளியின் இடது பக்கத்தில்தான் போடப் பழக்குகிறார்கள். மெக்சிகோவின் மல்யுத்தமான லூச்சா லிப்ரேயில் அப்படியே தலைகீழ், வலது பக்கம். முன்பின் பார்த்திராத இரண்டு பேர் ஒத்திகையே இல்லாமல் மோத முடிவதற்கு இந்த ஒழுங்குதான் காரணம். எந்தப் பக்கம் வருவாள் என்று தெரியும், மீதியை ரிங்குக்குள் காதோடு காதாகப் பேசிக்கொள்ளலாம்.

எதிராளியைத் தூக்கி மல்லாக்கத் தரையில் போடும் பாடி ஸ்லாமில் தூக்குபவள் மட்டும் வேலை செய்வதில்லை. தூக்கப்படுபவள் சரியான நேரத்தில் எம்ப வேண்டும், வயிற்றை இறுக்கிப் பலகை மாதிரி ஆக வேண்டும், கையை அவள் தொடையில் ஊன்றிப் பாரத்தைக் குறைக்க வேண்டும். தளர்ந்து தொங்கினால் அவள் இடுப்பு போகும், உன் கழுத்து போகும். அடி விழுந்த பிறகு தூக்கியவள் உன் கையை லேசாக அழுத்துவாள்: "சரியா இருக்கியா?" திருப்பி அழுத்தினால் சரி. உண்மையாகவே காயம் என்றால் ரெஃபரி இரண்டு கைகளையும் தலைக்குமேல் பெருக்கல் குறி போலப் பிடிப்பார். அதைப் பார்த்தால் மேடைக்குப் பின்னால் இருப்பவர்கள் எழுந்து ஓடி வருவார்கள்.

மாடலிங் கைகொடுத்ததா என்றால், கொடுத்தது. நிலையான கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று ரிங்குக்குள் நுழையும்போதே என் கண் தேடிவிடும். பிடியில் சிக்கியிருக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்புவது, ஒரு நிலையைப் பார்வையாளர் கண்ணில் பதியும்வரை கலைக்காமல் வைத்திருப்பது, நடந்து வரும் நடையிலேயே நான் யார் என்று சொல்லிவிடுவது, இதற்கெல்லாம் மற்றவர்கள் மாதக்கணக்கில் திணறினார்கள். ஆனால் கைகொடுத்த அதே தொழில்தான் காலையும் வாரியது. ரேம்பில் நடக்கும்போது அந்தக் கணம் எனக்கு மட்டும் சொந்தம். ரிங்கில் என் வேலையில் பாதி, எதிரே நிற்பவளைப் பலசாலியாகக் காட்டுவது. அவள் அடித்தது வலித்தது என்று கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். செல்லிங் என்பது அதுதான். இரண்டாவது நிமிடத்தில் அவள் என் முழங்காலை முறுக்கினாள் என்றால், எட்டாவது நிமிடத்தில் நான் ஓடும்போதும் அந்தக் கால் நொண்ட வேண்டும். முகம் கோணலாகப் போகும், முடி வாயில் ஒட்டும், எச்சில் வழியும். "அழகா வலிக்காத, அசிங்கமா வலி" என்பார் கோச். மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு நாள் பிடித்தது இதில்தான்.

மாடல்கள் மல்யுத்தத்தைக் கெடுத்தார்கள் என்று இன்னும் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ட்ரிஷ் ஸ்ட்ராட்டஸ் ஃபிட்னெஸ் மாடலாக இருந்து 2000-ல், இப்போது டபிள்யூடபிள்யூஇ எனப்படும் பெரிய அமெரிக்க மல்யுத்த நிறுவனத்துக்குள் வந்தவர். மேலாளர் வேடத்தில் நிற்க வைத்தார்கள். உள்ளே போய் வேலை கற்றுக்கொண்டார். 2004 டிசம்பரில் சக வீராங்கனை லீட்டாவோடு மோதி, 'ரா' என்ற அவர்களது வாராந்திர டிவி நிகழ்ச்சியின் முக்கிய ஆட்டமான கடைசி ஆட்டத்தை நடத்தினார், ஏழு முறை பெண்கள் சாம்பியன் ஆனார். புதுப் பெண்களைத் தேட அந்த நிறுவனம் 2004-ல் நடத்திய 'திவா சர்ச்' தேர்வில் தோற்றவர்களில் ஒருவரான மிஷல் மெக்கூல்தான், 2008-ல் 'திவாஸ்' என்ற பெண்கள் பட்டத்தின் முதல் சாம்பியன். அதே தேர்வில் வந்த கேண்டிஸ் மிஷல் 2007-ல் பெண்கள் பட்டத்தை வென்றார், அதே வருடம் அக்டோபரில் மேல் கயிற்றிலிருந்து விழுந்து காறையெலும்பை முறித்துக்கொண்டார். போட்டோவுக்கு நிற்க வந்தவருக்கு அங்கே என்ன வேலை?

கெடுத்தது யார் என்று கேட்டால் நேரம் ஒதுக்கியவர்களைத்தான் கைகாட்டுவேன். எதிராளியின் உடையைக் கழற்றினால் வெற்றி என்று போட்டி வைத்தார்கள். மற்ற நாட்களில் இரண்டு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் எந்த முழங்காலை முறுக்கி எப்போது நொண்டுவது? 2015 பிப்ரவரியில் ஒரு பெண்கள் ஜோடிப் போட்டி ஏறக்குறைய அரை நிமிடத்தில் முடிந்தபோது ரசிகர்களே இணையத்தில் கொதித்தார்கள். 2016-ல், அந்த நிறுவனத்தின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் 'திவாஸ்' பட்டத்தையே தூக்கிவிட்டார்கள். 2019 ஏப்ரலில் பெக்கி லிஞ்ச், ஷார்லட் ஃப்ளேர், ரோண்டா ரௌஸி மோதியதுதான் ரெஸில்மேனியாவின் கடைசி ஆட்டமாகப் பெண்கள் நடத்திய முதல் மோதல். ஜப்பானில் 1968-லிருந்தே பெண்களுக்கென்று தனி அமைப்பு நடந்து, எண்பதுகளில் பள்ளிச் சிறுமிகள் அரங்கு நிறைய அலறினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், திறமை இல்லாததால் நேரம் கொடுக்கவில்லை என்ற வாதம் நிற்காது.

உடை விஷயத்தில் ஒரு வார்த்தை. கண்ணாடியில் அழகாக இருப்பதும், தலைகீழாகத் தொங்கும்போது இடத்திலேயே இருப்பதும் வேறு வேறு. தையல் இரட்டையாக இருக்க வேண்டும், முழங்கால் பேட் கட்டாயம், நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், கம்மல் கூடாது. குறைத்துத்தான் போட வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. 2017-ல் 'மே யங் கிளாசிக்' என்ற பெண்கள் மல்யுத்தத் தொடரில் இந்திய வீராங்கனை கவிதா தேவி சல்வார் கமீஸ் அணிந்தே மோதினார். அந்த வீடியோவை என் அம்மாவிடம் காட்டிய பிறகுதான் வீட்டில் பேச்சு கொஞ்சம் இறங்கியது.

முதல் ஆட்டத்தில் தோற்றேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தோற்கத்தான் வருவார்கள். எனக்கு ஹீல் வேடம், அதாவது வில்லி. மாடல் என்ற திமிரோடு நடந்து வர வேண்டும், கூட்டம் கத்த வேண்டும். கத்தினார்கள். அதைவிட முக்கியம், மேடைக்குப் பின்னால் நுழைந்ததும் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் போய்க் கைகொடுக்க வேண்டும். அழுத்திக் குலுக்கக் கூடாது, மெதுவாகத் தொட்டால் போதும். ரிங்கில் நான் மென்மையாகப் பார்த்துக்கொள்வேன் என்பதற்கு அது அடையாளம். ஆட்டத்துக்கு முன்னால் ரிங்கைப் பூட்டவும் பிறகு கழற்றவும் புதியவர்கள் கை கொடுக்க வேண்டும். பலகை தூக்கியதில் வந்த தோள்வலி, ஆட்டத்தில் வந்ததைவிட அதிகம்.

பணம்? ஆரம்பத்தில் ஆட்டத்துக்குக் கிடைப்பது போக்குவரத்துக்குச் சரியாகப் போகும். கையெழுத்திட்ட படங்களும் டி-ஷர்ட்டும் விற்கும் மேசைதான் காப்பாற்றும். அங்கே மாடலிங் போர்ட்ஃபோலியோ நேராகக் காசாகிறது. நல்ல வெளிச்சத்தில் நல்ல படம் எடுக்கத் தெரிந்தவளுக்கு அது பெரிய சௌகரியம்.

ஒப்பந்தம் வரும்போது படத்தின் உரிமை யாருக்கு என்ற பத்தியை இரண்டு முறை படியுங்கள். ரிங் பெயர் யாருக்குச் சொந்தம், அந்தப் பெயரில் விளம்பரம் செய்யலாமா, சொந்தமாகப் படம் விற்கலாமா என்று எழுத்தில் இருக்க வேண்டும். மேண்டி ரோஸ் ஃபிட்னெஸ் மாடலிங்கிலிருந்து வந்து டபிள்யூடபிள்யூஇ-யின் புதியவர்களுக்கான பிரிவான என்எக்ஸ்டியின் பெண்கள் பட்டத்தை 413 நாள் வைத்திருந்தவர். 2022 டிசம்பரில் பட்டத்தை இழந்த மறுநாளே நிறுவனம் அவரை விடுவித்தது. கட்டணம் கட்டிப் பார்க்கும் தன் சொந்த இணையப் பக்கத்தில் அவர் வெளியிட்ட படங்கள்தான் காரணம் என்று செய்திகள் வந்தன. யார் பக்கம் நியாயம் என்று இங்கே வாதாட வரவில்லை. மாடலிங் ஒப்பந்தமும் மல்யுத்த ஒப்பந்தமும் ஒரே முகத்தின் மேல் உரிமை கேட்கும் என்பதால், இரண்டையும் ஒரே வக்கீலிடம் காட்டுங்கள். காப்பீட்டையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் பெரிய நிறுவனங்கள்கூட வீரர்களை ஊழியர்களாக வைக்காமல் சுயேச்சை ஒப்பந்தக்காரர்களாகத்தான் வைத்திருக்கின்றன.

பயிற்சிக் கூடம் தேடுபவர்கள் சேருவதற்கு முன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். தலையில் அடிபட்டவளை உடனே நிறுத்தி உட்கார வைக்கிறார்களா, பெண்கள் எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள், கயிறும் பலகையும் சரிபார்க்கப்படுகிறதா என்று கவனியுங்கள். பழைய மாணவிகளிடம் தனியாகப் பேசுங்கள். முதல் நாளே உங்களைத் தூக்கிப் போட்டு வீடியோ எடுக்கத் துடிக்கிற இடமாக இருந்தால் பணம் கட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்.